‘ஏன் எங்கிட்ட மறைச்ச?’

சாதி தெரிந்துபோன மறுநாள் நம் பிள்ளைகளிடம் பள்ளித் தோழர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ‘ஏன் எங்கிட்ட மறைச்ச?’ கேட்கிறவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருக்கும். ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே டிபன் பாக்ஸ் என்று வருடக்கணக்கில் திரிந்தும் இதை மட்டும் சொல்லவில்லையே என்ற வருத்தம். அதைப் பார்த்து நம் பிள்ளை, எதையோ திருடி மாட்டிக்கொண்டதுபோலக் கூனிக் குறுகி நிற்கும். மன்னிப்புக் கேட்ட பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்விக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கணக்கையே இந்தக் கேள்வி தலைகீழாக்கிவிடுகிறது. கேட்கிறவன் ஏமாற்றப்பட்டவனாகவும், கேட்கப்படுகிறவன் துரோகியாகவும் ஆகிவிடுகிறான். பதினான்கு வயதில் இந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு பள்ளியை விட்டு நின்றவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

குழந்தைக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் கடலை மிட்டாய் பங்கு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டை நுனியால் மூடி, கடித்து உடைத்து, ‘காக்காக் கடி’ என்று பாதியை நீட்டுவார்கள். எச்சில் படக்கூடாது என்பதற்குத்தான் அந்தத் துணி. அந்த விதியில் எல்லார் எச்சிலும் ஒன்றுதான். காலனிக்காரன் எச்சில் வேறு, ஊர்க்காரன் எச்சில் வேறு என்று கிடையாது. (நம் ஊர்களில் இருக்கிற விதிகளிலேயே எனக்குப் பிடித்த ஒரே விதி இது. குழந்தைகள் போட்ட விதி என்பதால் இருக்கலாம்.) பிறகு பெரியவர்களின் விதி வந்து சேரும். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், இனி உங்கள் தெருக்காரர்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லும் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. வழக்கு, கைது எல்லாம் நடந்தது. எனக்கு அந்தக் காணொளியில் மறக்க முடியாதது பிள்ளைகளின் முகம்தான். கட்டுப்பாடு என்றால் என்னவென்றே விளங்காத முகம். ஒரு மிட்டாய்க் கடை வாசலில்தான் அது அவர்களுக்கு விளங்கியது.

இப்படி ஏதாவது ஒரு வாசலில் பட்டு வந்த பிறகுதான் வீட்டில் பாடம் ஆரம்பிக்கும். தெருப் பெயர் கேட்டால் சொல்லாதே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்று சொல். கறி என்ன கறி என்று கேட்டால் ஆட்டுக்கறி என்று சொல். பிறந்தநாளுக்கு யாரையும் வீட்டுக்குக் கூட்டி வராதே. வீட்டு முன்னறையில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறது, வந்தால் தெரிந்துவிடும். நம் தெருவுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் நனைந்துகொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்கிற பெண்பிள்ளைகளை இன்றைக்கும் காட்ட முடியும். இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிற தாய் பொய் சொல்லப் பழக்கவில்லை. பாம்பு இருக்கிற புதரைக் காட்டி வைக்கிறாள், அவ்வளவுதான்.

ஆக, ரகசியம் என்பது நம் பிள்ளைகள் விரும்பி வைத்துக்கொண்டது இல்லை. அவர்கள் தலையில் ஏற்றி வைக்கப்பட்டது. ஏற்றி வைத்த அதே சமூகம்தான் ஒரு நாள் காலையில் எல்லார் முன்னிலும் அதைப் பிரித்துக் கொட்டுகிறது. பெரும்பாலும் இது நடப்பது வகுப்பறையில்.

எப்படி என்று உங்களுக்கே தெரியும். ‘எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்கிக்கோங்க.’ நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் பதினோரு பேர் எழுந்து நிற்பார்கள். ஆசிரியருக்கு அது ஒரு நிமிட வேலை. சாதிச் சான்றிதழ் நகல்களை வாங்கி அடுக்கும் பொறுப்பை வகுப்புத் தலைவனிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களும் உண்டு. அரசு தரும் உரிமைத் தொகை, கொடுக்கிற விதத்தில் ஒரு முத்திரை குத்துகிற சடங்காக ஆகிப்போகிறது.

எங்கள் மாலைப் பயிலகத்துக்கு வருகிற ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு ஒரு தோழி, இணைபிரியாதவர்கள். இவள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று தோழி நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வகுப்பில் பட்டியலை வாசித்தார்கள். தோழி அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள், ‘ஆறு வருஷமா கூடவே இருந்தேன், என்னக்கூட நம்பலல்ல நீ?’ என்று கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவளுடைய அம்மா மாறி உட்காரச் சொன்னாராம்.

இந்தப் பெண் என்னிடம் வந்து அழுதபடி சொன்னது: ‘தப்பு எம்மேலதாண்ணா. மொதல்லயே சொல்லிருந்தா அவ கோவிச்சிருக்க மாட்டா.’

‘மொதல்லயே சொல்லிருந்தா ஒனக்கு இந்த ஆறு வருஷம் கெடச்சிருக்குமாம்மா?’ என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

தோழர்களே, இதில் இருக்கிற எளிய கணக்கைக் கவனியுங்கள். உண்மை தெரிந்த பிறகு அந்தத் தோழி என்ன செய்தாளோ அதுதான், உண்மையைச் சொல்லாமல் இருந்தது சரி என்பதற்கான சான்று. சாதியால் இல்லை, பொய் சொன்னதால்தான் மனம் உடைந்தது என்பார்கள். சரி, அதையும் சோதித்துப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ விஷயங்களை ஒருவருக்கொருவர் மறைக்கிறார்கள். அப்பா குடிப்பதை மறைக்கிறார்கள். அம்மா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டில் இருப்பதை, கந்துக்காரன் வாசலில் வந்து கத்துவதை, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றும் கொண்டுவராததை எல்லாம் மறைக்கிறார்கள். அவை வெளியே தெரிய வரும்போது நண்பன் தோளில் கைபோடுகிறான். தன் சாப்பாட்டில் பாதியைத் தள்ளி வைக்கிறான். ‘ஏன்டா சொல்லல’ என்ற கேள்வி அங்கேயும் வரும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் யாரும் பெஞ்சு மாறுவதில்லை. பெஞ்சு மாற வைக்கிற ரகசியம் ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் உடைந்தது நம்பிக்கையா, தீட்டுப் பட்டதா?

இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். ஆறு வருடத்தில் அந்தத் தோழி எதையுமே மறைக்கவில்லையா?

ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரகசியங்கள் உண்டு. நண்பன் வந்துவிட்டுப் போனதும் ‘அவன் என்ன ஆளுங்கடா?’ என்று அப்பா கேட்டது ஒரு ரகசியம். கொஞ்சம் கறுப்பாக இருக்கிற, கொஞ்சம் பழைய சட்டை போட்ட பிள்ளைகள் வந்தால் மட்டும் அடுக்களையின் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரை அம்மா எடுப்பது ஒரு ரகசியம். இப்போது டம்ளரும் தேவையில்லை. பேப்பர் கப் வந்துவிட்டது. இரட்டைக் குவளைக்கு இவ்வளவு வசதியான வாரிசு கிடைக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். குடித்த கையோடு கசக்கிப் போடச் சொல்லிவிட்டால் எந்தக் கள ஆய்விலும் சிக்காது. அக்கா கல்யாணத்துக்கு வகுப்பில் எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்துவிட்டு ஒருவனை மட்டும் ‘ரிசப்ஷனுக்கு மண்டபத்துக்கு வந்துருடா, வீட்டுக்கு வேணாம்’ என்று சொன்னதன் காரணம் ஒரு ரகசியம். சொந்தக்காரப் பையன்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தினம் வருகிற வசவுகள், அதற்குத் தானும் போட்ட சிரிப்பு பொம்மை, இவையெல்லாம் ரகசியங்கள்.

இந்த ரகசியங்களைப் பற்றி யாரும் ‘ஏன் மறைத்தாய்?’ என்று கேட்பதில்லை. நம் பிள்ளை மறைப்பது தன் மீது அடி விழாமல் இருப்பதற்காக. அவன் மறைப்பது, அடிக்கிற கை தன் வீட்டில் இருக்கிறது என்பதை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இரு பக்கமும் ஒளிவு மறைவு, இரு பக்கமும் தவறு என்று பேசுகிற நடுநிலையாளர்களை நான் மதிப்பதில்லை.

நம் பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. ‘சாதியை மறைப்பது கோழைத்தனம். தலித் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லாதவன் இயக்கத்துக்கு லாயக்கில்லை’ என்று கூட்டங்களில் முழங்குகிற அண்ணன்கள். சொல்ல முடிந்தவர்கள் சொல்லட்டும், பெருமையாகச் சொல்லட்டும், நானும் சொல்லிக்கொள்கிறவன்தான். ஆனால் சட்டம் படித்து, நாலு தோழர்கள் சூழ நிற்கிற முப்பது வயதுக்காரனின் துணிச்சலை, தனியாகப் பஸ்ஸில் போய்வருகிற பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இந்த அண்ணன்களுக்குப் பதிலாக நான் அண்ணல் அம்பேத்கரையே அழைக்கிறேன்.

1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகைக்கான ஒப்பந்தப்படி அங்கே வேலைக்குப் போய்ச் சேர்கிறார் அவர். தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரியும். பார்சிகளுக்கான ஒரு விடுதிக்குப் போகிறார். பார்சி அல்லாதவர் தங்க முடியாது என்கிறார் அதைப் பார்த்துக்கொள்கிறவர். கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வருகிறார்கள்: பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிவிடுவது, நாளுக்கு ஒன்றரை ரூபாய். அப்படித்தான் அவர் தங்கினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தலைப்பிலான தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். ஒளிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. பெயரை மறைத்தார். வேறு வழி இல்லாததால் மறைத்தார். அவரைக் கோழை என்று சொல்லத் துணிகிற அண்ணன் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும்.

பதினோராம் நாள் காலையில் கையில் தடிகளோடு பார்சிகள் ஒரு டஜன் பேர் படியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யாவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். இதுவரைக்கும் கதை பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன். அந்த ஊரில் அவருக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். முதலில் இந்து நண்பரிடம் போனார். அந்த மனிதர் உண்மையாகவே வருந்தினார், கோபப்பட்டார். அம்பேத்கர் அவரை நல்ல மனிதர் என்றே எழுதுகிறார். ஆனால் பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை விட்டார்: நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்து கிறிஸ்தவ நண்பர். அவர் சொன்னது: என் மனைவி நாளைக்கு ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பம் பிராமணர்களாக இருந்து மதம் மாறியது என்பதும், கணவர் மாறிய அளவுக்கு மனைவி மாறவில்லை என்பதும் அம்பேத்கருக்குப் பின்னால் தெரிய வந்தது. அன்றைக்கு அவர் ஒரு பொதுப் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ஒன்பது மணி பம்பாய் ரயிலைப் பிடித்தார்.

இந்த இரண்டு நண்பர்களும் ‘முடியாது’ என்று சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். ஒருவருக்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள், ஒருவருக்கு மனைவி இருந்தாள். நம் பிள்ளைகளின் நண்பர்களுக்கு அம்மா இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், ஊர் இருக்கிறது. ‘எனக்கு ஒண்ணுமில்லடா, எங்க அம்மாதான்…’ நூறு வருடத்துக்கும் மேலாக இதே வாக்கியம் ஆள் மாற்றி ஆள் மாற்றி வந்துகொண்டிருக்கிறது. இதில் வருத்தத்துக்கும் குறைவில்லை, அன்புக்கும் குறைவில்லை. கதவு மட்டும் திறக்காது. தடியோடு வந்தவர்களைவிட இந்த நண்பர்கள்தான் அம்பேத்கரை அந்தப் பூங்காவுக்கு அனுப்பினார்கள் என்று நான் சொன்னால் மிகை என்பீர்களா? தடிக்காரன் விடுதியை விட்டுத்தான் துரத்தினான். ஊரை விட்டே போக வைத்தது எது?

நம் பிள்ளைகள் சாதியைத் தவிர இன்னொன்றையும் மறைக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தங்களுக்கு நடந்த அவமானத்தை, அதைச் செய்தவர்களின் பிள்ளையான நண்பனிடமிருந்தே மறைக்கிறார்கள். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தபோது, தோழியின் வீட்டுக் கல்யாணத்தில் அந்த இளைஞனுக்கு நடக்கிற கொடுமையைத்தான் எல்லாரும் பேசினார்கள். என்னை உலுக்கியது அதற்குப் பின்னால் வருவது. அவன் அதைத் தோழியிடம் சொல்லவே மாட்டான். அவள் ஏன் விலகிப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவன் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பான். அவளுடைய அப்பாவைப் பற்றிய பிம்பம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. இது திரைக்கதைக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. ‘உங்க அப்பா என்னை வாசல்லயே நிக்க வச்சிட்டாரு’ என்று நண்பனிடம் சொல்லாமல், ‘அன்னைக்கு வர முடியலடா, காய்ச்சல்’ என்று சொல்லிவிட்டு நகர்கிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நண்பனின் நிம்மதியைக் காப்பாற்றுகிற வேலையையும் அடிபட்டவனே பார்க்கிறான். பிறகு அவனிடமே வந்து, ஏன் மறைத்தாய் என்று கேட்கிறார்கள்.

சரி, மறைக்காமல் சொன்னால் என்ன நடக்கும்? நாங்குநேரியில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அங்கே நடந்ததை நட்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களும் ஒன்றாகப் படித்தவர்கள்தான். ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஏன் என்று வீட்டிலும் சொல்லவில்லை. ரகசியமாக வைத்திருந்தான். பள்ளியிலிருந்து தாயை அழைத்துக் கேட்ட பிறகு, பள்ளியை நம்பி வாய் திறந்தான். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு அரிவாளோடு வீடு புகுந்தார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். கைதானவர்கள் சிறுவர்கள். அவன் சொன்னது எப்படி இரவுக்குள் அந்தக் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது? நம்பிச் சொன்ன ஒன்றைப் பாதுகாக்கத் தெரியாத ஒரு நிர்வாகம், அடுத்த முறை எந்தப் பிள்ளையைப் பார்த்து ‘தைரியமா சொல்லு’ என்று கேட்கும்? கை, கால்களில் வெட்டுக் காயங்களோடு மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்து, 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான் அந்தப் பையன். எல்லாரும் வாழ்த்தினார்கள். வாழ்த்தட்டும். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் காட்டி அந்த இரவை மூடிவிட முடியாது.

நாங்குநேரிக்குப் பிறகுதான் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை முதலமைச்சரிடம் போனது. கைக்கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது ஆகியவற்றைத்தான் தொலைக்காட்சி விவாதங்கள் பிடித்துக்கொண்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவை சின்னச் சின்னப் பரிந்துரைகள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. எந்த ஆசிரியரும் நேராகவோ மறைமுகமாகவோ மாணவரைச் சாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் எல்லார் முன்னிலும் அறிவிக்காமல் ரகசியம் காக்க வேண்டும். இந்தக் கடைசிப் பரிந்துரைக்கு என்ன செலவு ஆகும்? கட்டடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு பிள்ளையைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தால் போதும்.

இதைக்கூட எதிர்பார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. 2019இல், கைக்கயிறு வண்ணங்களை வைத்துச் சாதி பிரிக்கிற பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுங்கள் என்று பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டார். பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பார்த்துவிட்டுச் சொன்னதன் பேரில் வந்த சுற்றறிக்கை. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் பின்வாங்கினார். அப்போதே அந்தக் கயிறுகளை அறுத்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் எதுவரை வரும் என்பதையும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம்தான். ஆனால் அது பொதுமக்கள் பார்வையில் படுகிற இடத்தில் நடந்திருக்க வேண்டும். வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது அந்தப் பிரிவில் வராது என்று 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பன் வீட்டு அடுக்களையில் நடப்பது எந்தக் காவல் நிலையத்துக்கும் போகாது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த நண்பன்தான்.

அந்த ஒரே ஆளும் வாய் மூடிக்கொண்டால் என்னவாகும் என்பதற்கு கோகுல்ராஜ் வழக்கு இருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில், கூடப் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தவரைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டான உடல் கிடைத்தது. யார் அழைத்துப் போனார்கள் என்பதை நேரில் பார்த்த தோழி விசாரணை நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் மறுபடி வரவழைத்து, கோயில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியைப் போட்டுக் காட்டிக் கேட்டபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். அந்தப் பெண்ணைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எந்த வீட்டில், எந்த ஊரில் இருந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார் என்று நமக்குத் தெரியாதா? அவருடைய பயத்தைப் புரிந்துகொள்கிறவன்தான் நான். ஆனால் புரிந்துகொள்வது வேறு, கணக்கைத் தீர்ப்பது வேறு. 2022 மார்ச்சில் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததற்கும், 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ததற்கும், ஒரு தாய் விடாமல் படியேறியதும் வழக்கறிஞர்களின் உழைப்பும் காரணம். கூட, அந்தக் கேமரா. கூடப் படித்தவர் சொல்லாததைக் கோயில் கேமரா சொன்னது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு தரும் 15ஏ பிரிவு வன்கொடுமைச் சட்டத்தில் 2016 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அது பாதிக்கப்பட்டவர்களைச் சார்ந்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்சி சொல்ல வருகிற எந்தச் சாதிக்காரருக்கும் அது உண்டு. ஆதிக்கச் சாதியில் பிறந்து, நண்பனுக்காகப் பேச விரும்புகிற மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். குறைவாக. அம்மா தனி டம்ளரை எடுத்தபோது அதை வாங்கித் தானே குடித்துவிட்டுத் தன் டம்ளரை நண்பனிடம் நீட்டிய ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையனை எனக்குத் தெரியும். அன்று இரவு வீட்டில் அவனுக்கு அடி விழுந்தது. அடுத்த நாள் நண்பனிடம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மறைத்ததும் ஒரு ரகசியம்தான். அதை வைத்துக்கொண்டு அவன் ‘ஏன் எங்கிட்ட மறைச்ச?’ என்று யாரிடமும் கேட்டதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் உதவித்தொகை விண்ணப்பங்கள் வரும். அதற்கு முன்னால், உங்கள் பகுதியில் இருக்கிற ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரையும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். சந்துரு குழு அறிக்கையின் அந்தப் பரிந்துரையை எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஆண்டு விண்ணப்பத்தைப் பிள்ளைகளிடம் எந்த அறையில், யார் கையால் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.